காப்புரிமை எண்ணிக்கையை வைத்து ஓர் ஊரின் புத்தாக்கத்தை அளக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் சிறு பட்டறைக்காரர்களோடும் கல்லூரி ஆசிரியர்களோடும் காப்புரிமை பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. "நம்ம மாநிலம்தான் முதலிடமாமே?" என்று தொடங்கும் பேச்சு, "அப்ப நாம முன்னேறிட்டோமா?" என்ற இடத்துக்கு வந்து நிற்கும். முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு இந்தப் பக்கம் முழுவதும் வேண்டியிருக்கிறது.

காப்புரிமை என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

பேட்டன்ட்டை. புத்தகத்துக்கும் பாட்டுக்கும் உரியது பதிப்புரிமை. பொருளின் பெயருக்கு வணிகக் குறி, தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு. புதிதாக ஒரு கருவியையோ செய்முறையையோ வேதிப்பொருளையோ கண்டுபிடித்தவருக்கு 20 ஆண்டுகள், வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் உரிமையை அரசு தருகிறதே, அதுதான் காப்புரிமை. பதிலுக்கு அவர் அந்த நுட்பத்தை ஊரறிய எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுப்பதால்தான் நம்மால் அதை எண்ணவும் முடிகிறது.

தமிழ்நாடு முதலிடம் என்பது உண்மையா?

உண்மைதான். 2022-23 உள்ளிட்ட அண்மை ஆண்டுகளில், இந்திய மாநிலங்களிலேயே அதிகக் காப்புரிமை விண்ணப்பங்கள் தமிழ்நாட்டிலிருந்துதான் போயிருக்கின்றன. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் அதற்குப் பின்னால்தான்.

ஆனால் இங்கே எண்ணப்படுவது விண்ணப்பம். செய்தித் தலைப்பில் அது "காப்புரிமையில் முதலிடம்" என்று சுருங்கிவிடுகிறது.

விண்ணப்பத்துக்கும் காப்புரிமைக்கும் அவ்வளவு வித்தியாசமா?

நிறையவே. ஒரு விண்ணப்பத்தின் வழியைப் பார்த்தால் தெரியும்.

முதலில் விண்ணப்பம் போடுகிறோம். 18 மாதம் கழித்து அது காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். இந்த இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறது. காத்திருக்க விருப்பமில்லை என்றால் படிவம் 9 கொடுத்துக் கட்டணம் கட்டலாம். ஏறத்தாழ ஒரு மாதத்தில் வெளியிட்டுவிடுவார்கள். வெளியாகிவிட்டது என்பதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று பொருளில்லை. "இப்படி ஒருவர் கேட்டிருக்கிறார்" என்ற அறிவிப்பு மட்டும்தான் அது. அந்த நிலையில் அதன் புதுமையை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

சோதிக்க வேண்டுமென்றால் படிவம் 18 கொடுத்துத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால், காலக்கெடு முடிந்ததும் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கொள்ளப்படும். முன்பு அந்தக் கெடு 48 மாதம். 2024 மார்ச்சில் விதியைத் திருத்தி, புதிய விண்ணப்பங்களுக்கு 31 மாதமாக்கினார்கள். கேட்டால், ஆய்வாளர் படித்துப் பார்த்து ஆட்சேபங்களை அனுப்புவார். ஆறு மாதத்துக்குள் பதில் போக வேண்டும். கூடுதலாக மூன்று மாத அவகாசம் வாங்கலாம். அதற்கும் பதில் போகவில்லை என்றால் கைவிடப்பட்டதாகப் பதிவாகிவிடும்.

இத்தனையையும் தாண்டிய பிறகுதான் காப்புரிமை. வெளியீட்டோடு நின்றுபோன விண்ணப்பமும் விண்ணப்பப் பட்டியலில் ஒன்று என்றுதான் எண்ணப்படுகிறது, 20 ஆண்டு உயிரோடு இருக்கப்போவதும் ஒன்று என்றுதான் எண்ணப்படுகிறது.

அப்படியானால் வழங்கப்பட்ட காப்புரிமைகளை மட்டும் எண்ணினால் போதாதா?

அதற்கு வேறொரு கோளாறு இருக்கிறது. 2022-23இல் இந்தியா முழுவதும் வழங்கப்பட்டவை சுமார் 34 ஆயிரம். அடுத்த ஆண்டே அது 1 லட்சத்து 3 ஆயிரத்தைத் தாண்டியது. ஒரே ஆண்டில் நாட்டின் அறிவு மூன்று மடங்கா ஆகும்? தேங்கிக் கிடந்த கோப்புகளை அலுவலகம் விரைவாக முடித்தது, அவ்வளவுதான். அதே ஆண்டுகளில் விண்ணப்பங்கள் 82,811இலிருந்து 92 ஆயிரத்துக்குத்தான் உயர்ந்தன. ஆக, ஓர் ஆண்டில் எத்தனை வழங்கினார்கள் என்பது கண்டுபிடித்தவரைப் பற்றிச் சொல்வதைவிட ஆய்வாளர் மேசையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. வழங்கியவற்றை எண்ணுவதாக இருந்தால், அவை எந்த ஆண்டு விண்ணப்பித்தவை என்று பிரித்து எண்ண வேண்டும்.

சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் கணக்கும் தமிழ்நாட்டின் கணக்கும் ஒன்றா?

இல்லை. கிண்டியில் இருக்கும் அந்த அலுவலகம் தமிழ்நாட்டோடு கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி, லட்சத்தீவு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். வெளிநாட்டு நிறுவனங்களும் தங்கள் இந்திய வழக்கறிஞர் வழியாக அங்கே விண்ணப்பிக்கிறார்கள். கூட்டங்களில் இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஒரு கண்டுபிடிப்பு எந்த ஊரின் கணக்கில் சேரும்?

விண்ணப்பதாரரின் முகவரியைப் பார்ப்பதா, கண்டுபிடித்தவரின் முகவரியைப் பார்ப்பதா என்பதைப் பொறுத்தது. கோவை ஆய்வுக்கூடத்தில் ஒரு பெண் பொறியாளர் மோட்டாரின் சுற்றுமுறையை மாற்றுகிறார். அவருடைய நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில். விண்ணப்பதாரர் முகவரியை எண்ணினால் மும்பைக்கு ஒன்று. கண்டுபிடிப்பாளர் முகவரியை எண்ணினால் கோவைக்கு ஒன்று. மூன்று ஊர்க்காரர்கள் சேர்ந்து செய்திருந்தால் ஊருக்கு மூன்றில் ஒரு பங்கு என்று பிரிப்பதும் உண்டு, ஆளுக்கு ஒன்று என்று முழுதாகக் கொடுப்பதும் உண்டு. இரண்டாவது முறையில் மாவட்டங்களின் கூட்டுத்தொகை மாநிலத்தின் மொத்தத்தைத் தாண்டிவிடும். ஊரின் திறமையை அறிய வேண்டுமென்றால் கண்டுபிடித்தவரின் முகவரியைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் நம் மாநிலவாரிப் பட்டியல் விண்ணப்பதாரரை வைத்துத்தான் வருகிறது.

மக்கள்தொகையால் வகுத்துவிட்டால் நியாயமாகிவிடுமா?

பெரிய ஊர், சிறிய ஊர் என்ற வேறுபாடு போகும். ஆனால் சிறிய ஊரில் ஒரே ஒரு பெரிய கம்பெனி இருந்தால் கணக்கு கண்ணைக் கட்டும்.

அமெரிக்காவில் 2013இல் புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் நகரப்பகுதிகளை இப்படி வரிசைப்படுத்தியது. சிலிக்கான் பள்ளத்தாக்கின் சான் ஹோசே முதலிடம், அதில் ஆச்சரியமில்லை. அடுத்து வந்தவை வெர்மான்ட்டின் பர்லிங்டன், மின்னசோட்டாவின் ராசெஸ்டர், ஓரிகனின் கார்வாலிஸ். பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்கள்தானே? பர்லிங்டனிலும் ராசெஸ்டரிலும் ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய வளாகங்கள் இருந்தன. கார்வாலிஸில் எச்பி இங்க்ஜெட் பிரின்டர்களை உருவாக்கியது. அந்த ஊர்களின் அறிவு பொய்யில்லை. ஆனால் அது ஒரு கம்பெனியின் முடிவோடு வரும், அந்தக் கம்பெனியின் முடிவோடு போகும். ஐபிஎம் 1993 தொடங்கி ஏறத்தாழ 30 ஆண்டுகள் அமெரிக்கக் காப்புரிமைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. பிறகு, எண்ணிக்கையைத் துரத்தப் போவதில்லை என்று தானே தீர்மானித்தது; 2022இல் சாம்சங் முந்தியது. அந்த ஆண்டில் ஐபிஎம் பொறியாளர்கள் மூளையைக் கழற்றி வைத்துவிடவில்லையே.

கல்லூரிகளிலிருந்து இவ்வளவு விண்ணப்பங்கள் வருவது ஏன்?

இங்கேதான் நான் நின்று பேச வேண்டும். தமிழ்நாட்டின் எண்ணிக்கையைப் புரிந்துகொள்ள இது தெரியாமல் முடியாது.

2021 செப்டம்பரில் கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணத்தை 80 விழுக்காடு குறைத்தார்கள். 8,000 ரூபாய் விண்ணப்பக் கட்டணம் 1,600 ஆனது. நல்ல முடிவு, பணமில்லாமல் தவித்த ஆய்வுக்கூடங்களுக்கு உதவியது. விரைந்து வெளியிட 2,500. ஆக, வழக்கறிஞர் செலவைத் தள்ளிவிட்டால் 4,100 ரூபாயில் ஒரு "வெளியான காப்புரிமை" கையில்.

மறுபக்கம், கல்லூரிகளை வரிசைப்படுத்தும் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் வழங்கப்பட்ட காப்புரிமைகளுக்கும் மதிப்பெண், வெளியானவற்றுக்கும் மதிப்பெண். தமிழ்நாட்டில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளின் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியரின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் காப்புரிமைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. மதிப்பெண் வெளியீட்டிலேயே கிடைத்துவிட்டால், இன்னொரு 4,000 கட்டி ஆய்வாளரிடம் கேள்வி வாங்கி மாட்டிக்கொள்வானேன்?

இதழை எடுத்துப் படித்தால் இந்த வகை விண்ணப்பம் எளிதில் கண்ணில் படும். தலைப்பில் "இயந்திரக் கற்றல்", "இணையப் பொருள்கள்", "திறன்மிகு" மூன்றும் இருக்கும். கண்டுபிடிப்பாளர்களாக எட்டுப் பேர், பத்துப் பேர். ஆளுக்கொரு கல்லூரி, நான்கைந்து மாநிலம். பத்துப் பேரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் என்றைக்காவது சந்தித்திருப்பார்களா என்று தோன்றும். உள்ளே போனால் உரிமைக் கோரிக்கை இப்படி இருக்கும்: ஓர் உணரி, ஒரு நுண்கட்டுப்படுத்தி, ஒரு கைப்பேசிச் செயலி, இவற்றைக் கொண்ட ஓர் அமைப்பு. எந்த உணரி, எவ்வளவு துல்லியம், ஏற்கெனவே இருப்பதைவிட எதில் மேல்? பதில் இருக்காது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். ஒரு பம்ப்பின் சுழல்தகட்டில் இதழ்களின் கோணத்தை மாற்றியதைப் பற்றிய விண்ணப்பம். இரண்டே கண்டுபிடிப்பாளர்கள். எந்தக் கோணத்திலிருந்து எந்தக் கோணம் வரை, அதில் மின்சாரம் எவ்வளவு மிச்சம், அந்த எல்லையைத் தாண்டினால் ஏன் அதிர்வு வருகிறது, எல்லாம் அட்டவணையோடு. படிக்கும்போதே பட்டறையின் எண்ணெய் வாசனை வரும். எண்ணிக்கையில் இதுவும் ஒன்று, முன்னதும் ஒன்று.

எல்லாக் கல்லூரியையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. இரவெல்லாம் உழைத்து எழுதும் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதில் எனக்குக் கோபமே வருகிறது. அவர்களின் ஒரு விண்ணப்பம் நூறு வெற்று விண்ணப்பங்களுக்கு நடுவே தொலைந்துபோகிறது.

"வெளிநாட்டுக் காப்புரிமை" என்று சிலர் சான்றிதழ் காட்டுகிறார்களே?

சான்றிதழைக் கையில் வாங்கிப் படியுங்கள். பல நேரம் அது பிரிட்டனின் வடிவமைப்புப் பதிவாக இருக்கும். அங்கே வடிவமைப்பைப் பதியும்போது அது புதிதா என்று அலுவலகம் சோதிப்பதில்லை. கட்டணம் கட்டிப் படம் கொடுத்தால் பதிவாகிவிடும். அது காப்புரிமை அல்ல.

இது நம் நாட்டில் மட்டும்தானா?

சீனா இதை நம்மைவிடப் பெரிய அளவில் பட்டு அறிந்த நாடு. 1999இல் ஷாங்காய் காப்புரிமைக்கு மானியம் தரத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லா மாகாணங்களும் பின்தொடர்ந்தன. விண்ணப்பங்கள் மலைபோல் குவிந்தன. கட்டணத்தைவிட மானியம் அதிகமாக இருந்த இடங்களில், விண்ணப்பிப்பதே ஒரு வருமானம் ஆனது. 2021 ஜனவரியில் சீனக் காப்புரிமை நிர்வாகமே முன்வந்து, விண்ணப்ப மானியங்களை அந்த ஆண்டு நடுவோடு நிறுத்தவும், வழங்கலுக்கான மானியங்களை 2025க்குள் ஒழிக்கவும் உத்தரவிட்டது. மானியம் கொடுத்த ஆண்டுகளில் மாகாணங்களை ஒப்பிட்டவர்கள், அறிவோடு சேர்த்து மானியத்தையும் அளந்திருக்கிறார்கள்.

எண்ணிக்கையில் வராத புத்தாக்கம் என்று எதைச் சொல்வீர்கள்?

மதுரையிலிருந்து தொடங்குகிறேன். 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒரு மருத்துவர் ஒரு நோயாளிக்கு அறுவை செய்து முடிக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாராக இருப்பார். பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்வதால் மருத்துவரின் நேரம் துளியும் வீணாவதில்லை. பணம் கட்டுபவரின் வருமானத்தில் கட்ட முடியாதவருக்கும் சிகிச்சை. அப்புறம் 1992இல் அவர்களே தொடங்கிய லென்ஸ் ஆலை, ஆரோலேப். 100 டாலர் அளவில் இறக்குமதியான கண்ணுள் வைக்கும் லென்ஸை, அதில் பத்தில் ஒரு பங்கு விலைக்கும் கீழே கொண்டுவந்தார்கள். உலகெங்கிலுமிருந்து வந்து படித்துவிட்டுப் போகிறார்கள். மதுரையின் காப்புரிமை எண்ணிக்கையில் இது எங்கே இருக்கிறது? வேலையை ஒழுங்கு செய்யும் முறைக்கு இந்தியாவில் காப்புரிமையே கிடையாது.

மென்பொருளும் அப்படித்தான். நம் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, கணினி நிரலை நிரல் என்ற அளவில் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. மென்பொருளால் வாழும் நகரம் இந்த அளவுகோலில் குட்டையாகத்தான் தெரியும். கணினியின் மூளையான சில்லு இருக்கிறதே, அப்படிச் சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி நுண்செயலியின் வடிவமைப்பை, யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று திறந்தே வைத்தார்கள். அது வேண்டுமென்றே எடுத்த முடிவு.

மூன்றாவது, ரகசியம். கோவையில் கணபதி பக்கம் ஒரு பட்டறை. உரிமையாளருக்கு அறுபது வயதிருக்கும். வார்ப்பு மணலில் எதையோ கலந்து, உடைசல் வெகுவாகக் குறைந்துவிட்டது என்றார். "காப்புரிமை வாங்கலாமே?" என்றேன். சிரித்துவிட்டு, "அதை எழுதி வெச்சா ஊருக்கே தெரிஞ்சுருமுங்க தம்பி. கையில இருக்கறது கையிலயே இருக்கட்டுமுங்க" என்றார். அவர் சொன்னது பெரிய கம்பெனிகளின் கணக்கும்கூட. 1994இல் அமெரிக்காவில் 1,478 ஆய்வுக்கூடங்களிடம் கேட்டபோது, லாபத்தைக் காக்க ரகசியமும் முந்திக்கொள்வதும்தான் காப்புரிமையைவிட உதவுகின்றன என்று பெரும்பாலான துறைகள் சொல்லின. மருந்துத் துறை போன்ற சிலவற்றில்தான் காப்புரிமைக்குப் பெரிய மதிப்பு.

காப்புரிமையே இல்லாமல் ஓர் ஊர் வளர்ந்ததுண்டா?

நெதர்லாந்து 1869இல் காப்புரிமைச் சட்டத்தையே எடுத்துவிட்டது. 1912இல்தான் திரும்பக் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தில், 1891இல், ஐந்தோவன் என்ற சிற்றூரில் பிலிப்ஸ் பல்பு செய்யத் தொடங்கியது. பிற நாட்டுக் காப்புரிமைகளால் அதை அங்கே தடுக்க முடியவில்லை. இன்று ஆளுக்கு இத்தனை காப்புரிமை என்று வரிசைப்படுத்தினால் ஐரோப்பாவின் உச்சியில் நிற்கும் ஊர்களில் ஐந்தோவனும் ஒன்று. அதன் புத்தாக்கம் பிறந்த ஆண்டுகளை இந்த அளவுகோலால் பார்த்திருந்தால் பூஜ்யம்தான் காட்டியிருக்கும்.

ஒரு காப்புரிமைக்கு ஒரு மதிப்பு என்று எண்ணுவதில் என்ன தவறு?

மதிப்பு சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலானவை ஒரு ரூபாயும் ஈட்டாது. சில மட்டும் ஒரு தொழிலையே தாங்கும். இரண்டு ஸ்பார்க் பிளக் கொண்ட சிறிய எஞ்சினுக்காக பஜாஜ் வாங்கிய 195904 எண் காப்புரிமையை நினைத்துப் பாருங்கள். ஓசூரின் டிவிஎஸ் நிறுவனத்தோடு 2007இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019இல்தான் சமரசத்தில் முடிந்தது.

அப்படியென்றால் எண்ணவே வேண்டாமா?

எண்ண வேண்டும். இதைப்போல ஆண்டுக்கணக்காக, தேதியோடு, முகவரியோடு, தொழில்நுட்ப வகை எண்ணோடு கிடைக்கும் பதிவு வேறில்லை. 1993இல் ஜாஃபி, டிராக்டன்பர்க், ஹென்டர்சன் என்ற மூன்று பொருளியலாளர்கள், புதிய காப்புரிமைகள் எந்தப் பழைய காப்புரிமைகளைச் சுட்டுகின்றன என்று தடம் பிடித்தார்கள். அதே ஊர்க்காரர்களின் காப்புரிமைகளையே கூடுதலாகச் சுட்டுவது தெரிந்தது. அறிவு காற்றில் பரவினாலும் பக்கத்துத் தெருவுக்குத்தான் முதலில் போகிறது என்பதற்கு அது நல்ல சான்று. எண்ணைத் தாண்டி உள்ளே போனதால் கிடைத்தது.

இந்தியாவில் நான் நம்பும் குறி புதுப்பிப்புக் கட்டணம். மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆண்டுக்கும் கட்ட வேண்டும், போகப்போகக் கூடும். சிறு நிறுவனத்துக்கு 800 ரூபாயில் தொடங்கி கடைசி ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 8,000 ஆகும். தரவரிசைக்காக வாங்கியதற்குப் பத்தாவது ஆண்டில் யாரும் கைக்காசு போட மாட்டார்கள். இன்னொன்று படிவம் 27. அந்தக் கண்டுபிடிப்பு நாட்டில் உண்மையில் பயன்படுகிறதா என்று உரிமையாளரே சொல்ல வேண்டிய படிவம். 2024 திருத்தத்துக்குப் பின் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. மாவட்டவாரியாக இந்த இரண்டையும் வெளியிட்டால், இன்றைய பட்டியலை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நிதி ஆயோக்கின் புத்தாக்கக் குறியீட்டில் நாம் எங்கே?

பெரிய மாநிலங்களில் 2019இல் இரண்டாம் இடம், 2020இல் மூன்று, 2021 பதிப்பில் ஐந்து. மூன்று முறையும் கர்நாடகம் முதலிடம். மூன்றாம் பதிப்பில் குறிகாட்டிகளை 36இலிருந்து 66 ஆக்கினார்கள். அதனால் "சரிந்துவிட்டோம்" என்று சொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பங்கள் ஏறிய அதே காலத்தில் இந்தக் குறியீட்டில் நாம் ஏறவில்லை. ஆய்வுச் செலவு, திறமையான ஆட்கள், முதலீடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வேறு படம் வருகிறது.

என் மாவட்டத்தை நானே பார்க்க முடியுமா?

முடியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடுதளத்தில் கண்டுபிடிப்பாளர் முகவரி என்ற கட்டத்தில் ஊர் பெயரை ஆங்கிலத்தில் கொடுங்கள். கோயம்புத்தூருக்கு இரண்டு மூன்று எழுத்துமுறைகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். பத்து ஆண்டு பழைய விண்ணப்பங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். புதியவற்றுக்கு முடிவு வந்திருக்காது. ஐம்பதை எடுத்து ஒவ்வொன்றின் நிலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: வழங்கப்பட்டது, கைவிடப்பட்டது, ஆய்வே கேட்கவில்லை. அப்புறம் வகை எண். பம்ப் என்றால் எஃப்04டி. உங்கள் ஊர் பம்ப் ஊராக இருந்து, பட்டியலில் பம்ப்பே இல்லாமல் எல்லாம் ஜி06 என்ற கணினி வகையாக இருந்தால், அந்த விண்ணப்பங்களின் கண்டுபிடிப்பாளர் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வழங்கப்பட்டவற்றில் எதற்காவது புதுப்பிப்புக் கட்டணம் ஏழாம் ஆண்டைத் தாண்டிக் கட்டப்பட்டிருந்தால், அந்த முகவரிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அங்கே கேட்க ஏதோ இருக்கும்.